மறைக்கப்பட்ட சவப்பெட்டிகள்

இறந்த போர்வீரனைச் செய்தியில் காட்டுவதா மறைப்பதா என்பதை அமெரிக்காவில் நாகரிகத்தைவிட அரசின் தேவையே அதிகம் தீர்மானித்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் தணிக்கை அதிகாரிகள் அமெரிக்கச் சடலங்களின் படங்களை நெடுநாள் முடக்கி வைத்தார்கள். மக்களிடம் போர் குறித்த மெத்தனம் பரவுவதாக அஞ்சியபோது அரசே தடையைத் தளர்த்தியது. நியூகினியின் பூனா கடற்கரையில் மூன்று வீரர்கள் இறந்து கிடக்கும் படத்தை 1943 செப்டம்பரில் ‘லைஃப்’ இதழ் வெளியிட்டது. அதே இதழ் 1969 ஜூனில், வியட்நாமில் ஒரே வாரத்தில் மாண்ட 242 பேரில் பெரும்பாலோரின் முகங்களை வரிசையாக அச்சிட்டது. அதில் ரத்தம் இல்லை, சடலமும் இல்லை; ஆனாலும் வாசகர்கள் உலுக்கப்பட்டார்கள். 1991 வளைகுடாப் போரின்போது, அமெரிக்காவின் டோவர் விமானத்தளத்தில் வந்திறங்கும் வீரர்களின் சவப்பெட்டிகளைப் படமெடுக்க அரசு தடை விதித்தது.

குடும்பங்களின் துயரத்தைக் காக்கவே இத்தடை என்றார்கள். அந்த அக்கறை நியாயமானதுதான். ஆனால் கொடி போர்த்திய பெட்டியில் முகமும் தெரியாது, பெயரும் தெரியாது. அப்படியிருக்க, எவருடைய அந்தரங்கம் அங்கே காக்கப்பட்டது? குடும்பம் சம்மதித்தால் படமெடுக்கலாம் என்று 2009இல் விதி மாறியது. அந்த முடிவு முதல் நாளிலிருந்தே குடும்பத்தின் கையில் இருந்திருக்க வேண்டும்.