காட்சியும் அறிதலும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

கண் சீராயிருப்பின் கண்டதை அறிவதும் இயல்பாக நிகழும் என்பது பொதுவான எண்ணம். மூளையியலின் வரலாறு இதனை மறுக்கின்றது. 1870களின் பிற்பகுதியில் பேர்லினில் ஹேர்மன் முங்க் நாய்களின் மூளைப் பிற்பகுதியைச் சிதைத்தபோது, அவை தடைகளை விலக்கி நடந்தன. ஆயின் உணவையும் எசமானையும் கண்டு அறியவில்லை. 1890இல் ஹைன்றிச் லிசௌவர், வடிவத்தை உணர இயலாமையையும் உணர்ந்த வடிவத்துக்குப் பொருள் காண இயலாமையையும் வேறுபடுத்தினார். 1947இல் யோஆகிம் போடமர், முகங்களை இனங்காணாமையைத் தனிக் குறைபாடாக விவரித்தார். அவர் கண்ட நோயாளருள் ஒருவர், தலையிற் குண்டு பாய்ந்தமையால் கண்ணாடியில் தம் முகத்தையே அறியாதிருந்த 24 வயது இளைஞர். நாய்களில் ஆய்வுகூடம் நிகழ்த்திய சிதைவை மனிதரிற் போர் நிகழ்த்தியது. எனவே இவ்வறிவின் வரலாற்றை எழுதும் நாம், ஆய்வாளரின் பெயர்களோடு, பெயர் பதியப்படாத அம்மனிதருக்கும் அதில் இடமளித்தல் வேண்டும்.