ஆஷா புத்லியை எந்த அலமாரியில் வைப்பது?

1997-ல் வந்த 'லைஃப் ஆஃப்டர் டெத்' நாட்டோரியஸ் பி.ஐ.ஜி.யின் புகழ்பெற்ற ராப் ஆல்பம். அதில் 'தி வேர்ல்ட் இஸ் ஃபில்ட்' என்ற பாட்டின் அடியில் ஓடுவது 1976-ல் வெளியான இன்னொரு பாட்டு, 'ஸ்பேஸ் டாக்'. அதைப் பாடியவர் 1945-ல் பம்பாயில் பிறந்த ஆஷா புத்லி. நம்ம ஊரில் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் ரொம்பக் குறைவு.

ஹிந்துஸ்தானியும் ஆபெராவும் கற்றவர். பம்பாயில் ஜாஸ் பாடிக்கொண்டிருந்தவர் நியூயார்க் போனார். 1972-ல் வெளியான ஆர்னெட் கோல்மனின் 'சயின்ஸ் ஃபிக்ஷன்' ஆல்பத்தில் இரண்டு பாட்டு இவருடையது. கோல்மன் அப்போதே ஃப்ரீ ஜாஸின் பெரிய பெயர். அவர் குழு தாளக்கட்டை உடைத்து எங்கெங்கோ ஓட, இவர் குரல் மெட்டை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கும்.

அடுத்த வருடமே சி.பி.எஸ். நிறுவனத்தில் முதல் தனி ஆல்பம். பெயரே 'ஆஷா புத்லி'தான். தயாரித்தவர் டெல் நியூமன். எல்டன் ஜானின் 'குட்பை யெல்லோ பிரிக் ரோடு' ஆல்பத்துக்கு வயலின் வரிசைகள் அமைத்தவரும் இவரே. அமெரிக்கக் கருப்பின மக்களின் தேவாலயப் பாட்டிலிருந்து கிளைத்த இசைதான் சோல். கிளாடிஸ் நைட் பாடி ஹிட்டாக்கிய ஒரு சோல் பாட்டு இந்த ஆல்பத்தில் இருக்கு. பக்கத்திலேயே ஜே.ஜே. கேலின் இரண்டு பாட்டு, ஜார்ஜ் ஹாரிசனின் 'ஐ டிக் லவ்'. ஹாரிசன் ரவிசங்கரிடம் சிதார் கற்றவர். அவர் பாட்டை ஒரு இந்தியப் பெண் எடுத்து, மூச்சும் கிசுகிசுப்புமாக, வேறு பாட்டாகவே மாற்றிவிடுகிறார்.

இவ்வளவு இருந்தும் ஏன் பெயர் நிலைக்கவில்லை? என் ஊகம் இதுதான். ஒரு டேட்டாபேஸில் 'வகை' என்ற காலத்தில் ஒரே ஒரு மதிப்புதான் போடலாம் என்று வைத்தால் இவரை எங்கே பதிவது? ஜாஸ், சோல், ராக், டிஸ்கோ, இந்திய இசை எல்லாமே பாதி பொருந்தும். கடையில் எந்த அலமாரியிலும் நிற்காத தட்டைத் தேடி வருகிறவர் யார்?

இங்கே, நம்ம நாட்டில், சினிமா என்ற ஒரே அலமாரிதான் பெரிசு. தமிழ்க் குடும்பத்தில் பிறந்த உஷா உதுப் 1969-ல் மெட்ராஸ் 'நைன் ஜெம்ஸ்' கிளப்பில் ஆங்கிலப் பாட்டு பாடத் தொடங்கியவர். பிறகு சினிமாவிலும் பாடினார். 'மேல்நாட்டு மருமகள்', 'அஞ்சலி' மூலம் ஆங்கிலப் பாட்டே கேட்காதவர்களுக்கும் அவர் குரல் தெரியும். புத்லி இந்த வழியில் நிலைக்கவில்லை.

ஓசூரில் ஒரு டீக்கடை உரையாடலே தமிழில் ஆரம்பித்து, கன்னடத்தில் வளைந்து, தெலுங்கில் முடியும். இது என்ன மொழின்னு யாரும் நின்று கேட்பதில்லை. ராப் தயாரிப்பாளர்களும் அப்படித்தான். பழைய தட்டுகளைக் கிளறும்போது அலமாரியின் பெயரைப் பார்ப்பதில்லை, காதுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்வார்கள். புத்லி திரும்பி வந்தது அந்த வழியாகத்தான்.

1973 ஆல்பத்தை முழுசாக ஒருமுறை கேளுங்க. வகை என்னன்னு அப்புறம் பார்த்துக்கலாம்.