நாணும் வெட்கமும்

சுங்கை பட்டாணி வட்டாரத் தோட்டப் பள்ளிகளில், பாட்டு ஒப்பிக்கத் தயங்கும் பிள்ளையிடம் "வெட்கப்படாதே" என்கிறோம், பொய் சொன்ன பிள்ளையை "வெட்கமாயில்லையா?" என்று கடிகிறோம். சொல் ஒன்று, பொருளோ இரண்டு. நானும் பல்லாண்டு இவ்வாறு சொன்னவனே.

வள்ளுவர் இவற்றைப் பிரித்துக் கண்டவர். நாணுடைமை என்னும் 102ஆம் அதிகாரத்தின் முதற் குறளிலேயே, தகாத செயல் கருதி நாணுவதே நாண் என்றும், மகளிர்க்குரிய நாணம் அதனின் வேறு என்றும் வரையறுக்கிறார். இறுதிக் குறளிலோ, உள்ளத்தில் நாணில்லாரைக் கயிறு ஆட்டும் மரப்பாவையோடு ஒப்பிடுகிறார். நாண் என்பதற்குக் கயிறு என்றும் பொருளுண்டு; அவ்விரு பொருளும் அங்கே ஒருங்கே நின்று சுவை பயப்பதை ஆசிரியர்கள் அறிவர்.

வெட்கம் என்பது 'வெள்கு' என்னும் வினையடியாகப் பிறந்தது. நாணுதல், கூசுதல் ஆகிய இரண்டும் வெள்குதலின் பொருளே. பேச்சு வழக்கில் நாண் அருகவே, அதன் இடத்தையும் வெட்கமே பற்றிக்கொண்டது.

மலாய் மொழியின் 'மாலு'வும் இவ்விரு பொருளையும் தாங்குவதே. தோட்டத்து வழியோரம் படரும் தொட்டாற்சுருங்கியை மலாய்க்காரர் அச்சொல்லாலேயே 'செமாலு' என்பர். பாவம், அச்செடி செய்த பிழை ஏதுமில்லை!

தயங்கும் பிள்ளைக்குக் 'கூச்சம்' என்னும் சொல் நம் தோட்டங்களில் இன்றும் வழங்குகிறது. வகுப்பில் அதனையே ஆளலாம்.