போனவருக்கான பதில்

நாலு வருஷத்துக்கு முன்னால் எங்கள் டீமுக்கு ஒரு லீட் தேவைப்பட்டார். இருந்தவர் ரிலீசுக்கு மூன்று வாரம் இருக்கும்போது பேப்பர் போட்டுவிட்டார். புது இடத்தில் இரண்டு மடங்கு சம்பளம் என்று கேன்டீனில் பேச்சு. இண்டர்வியூ பேனலில் நானும் இருந்தேன். வந்தவர்களில் ஒருவர் மற்ற எல்லாரையும் விட நன்றாகச் செய்தார். எங்கள் சிஸ்டத்தை போர்டில் வரைந்து காட்டியதும், எந்த இடத்தில் உடையும் என்று நாங்கள் சொல்லாமலே விரல் வைத்தார். வைத்துவிட்டு, "இதை இப்படிக் கட்டினது யாருங்க?" என்று கேட்டார். கட்டியவர் எங்கள் மேனேஜர். பேனலின் நடுவில்தான் உட்கார்ந்திருந்தார்.

அந்த ஆள் போனபிறகு படிவத்தில் நான் எழுதினேன்: 'திறமை அதிகம். டீமுக்கு ஒத்துவருவாரா என்பது சந்தேகம்.' கடைசியில் அமைதியான, எங்கேயும் ஓடிப்போகாத ஒருவரை எடுத்தோம்.

கொஞ்ச நாள் கழித்து இங்கிலாந்து கால்பந்து வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தபோது 1977 டிசம்பரில் நடந்த ஒரு இண்டர்வியூவுக்கு வந்து சேர்ந்தேன். அப்போது என் படிவம் ஞாபகம் வந்தது.

*

லண்டனில் லங்காஸ்டர் கேட் என்ற இடத்தில் அப்போது இங்கிலாந்து கால்பந்துச் சங்கத்தின் தலைமையகம் இருந்தது. அந்த டிசம்பரில் தேசிய அணியின் மேனேஜர் வேலைக்கு அங்கே நேர்காணல். இப்ஸ்விச்சின் பாபி ராப்சன், சவுத்தாம்ப்டனின் லாரி மெக்மெனமி என்று நல்ல பெயர்கள் பட்டியலில் இருந்தன. ஆனால் ஊரே பேசிய பெயர் பிரையன் க்ளஃப்.

க்ளஃபுக்கு அப்போது வயது 42. ஆட்டக்காரராக 274 லீக் ஆட்டங்களில் 251 கோல் அடித்தவர். முழங்கால் போனதால் இருபதுகளிலேயே ஆட்டம் முடிந்தது. மேனேஜராக, இரண்டாம் டிவிஷனில் கிடந்த டெர்பி கவுண்டியை மேலே கொண்டுவந்து 1972இல் லீக் சாம்பியன் ஆக்கினார். 1973இல் டைரக்டர்களோடு சண்டை போட்டு ராஜினாமா. 1974இல் லீட்ஸ் அணிக்குப் போய் 44 நாளில் வெளியேற்றம். பிறகு நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டை அதேபோல் கீழிருந்து தூக்கினார். நேர்காணல் நடந்த நேரத்தில், அப்போதுதான் முதல் டிவிஷனுக்கு வந்திருந்த ஃபாரஸ்ட் பட்டியலின் உச்சியில் இருந்தது. டிவியில் உட்கார்ந்து யாரையும் விட்டுவைக்காமல் பேசுவார். கிளப் டைரக்டர்களுக்குக் கால்பந்து தெரியாது என்று அவர்கள் காதுபடவே சொல்வார். கால்பந்துச் சங்கம் என்பதே அப்படிப்பட்ட டைரக்டர்களும் கமிட்டி ஆட்களும் நிறைந்த சபைதான்.

நேர்காணலில் க்ளஃப் பிரமாதமாகப் பேசினார் என்று அறைக்குள் இருந்தவர்களே பின்னால் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். வேலை ரான் க்ரீன்வுட்டுக்குப் போனது.

இந்தக் கதையை இங்கிலாந்துக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் விதம் ஒன்று உண்டு: கோட்டு போட்ட கிழவர்கள் ஒரு மேதையைப் பார்த்துப் பயந்தார்கள். பயந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க கொஞ்சம் பின்னால் போகணும்.

*

இங்கிலாந்து அணிக்கு மேனேஜர் என்ற பதவியே 1946இல்தான் வந்தது. முதல் ஆள் வால்டர் விண்டர்பாட்டம். மேனேஜர் என்று பெயர், ஆனால் அணியைத் தேர்ந்தெடுத்தது ஒரு கமிட்டி. 16 வருஷம் அவர் இப்படியே ஓட்டினார். அதற்கான பதில் ஆல்ஃப் ராம்சே. அணியை நான் மட்டுமே தேர்ந்தெடுப்பேன் என்ற நிபந்தனையோடு 1963இல் வந்தார். 1966இல் உலகக்கோப்பை வென்றார்.

ராம்சே அதிகம் பேசாதவர். பத்திரிகைக்காரர்களையும் கமிட்டிக்காரர்களையும் ஒரே தூரத்தில் நிறுத்தியவர். 1973 அக்டோபரில் வெம்ப்ளியில் போலந்தோடு 1-1 என்று டிரா செய்து, 1974 உலகக்கோப்பைக்குத் தகுதி பெறாமல் போனபோது அவருக்காகப் பேச ஆள் இல்லை. வேலை போனது.

ராம்சேவுக்கான பதில் டான் ரெவி. லீட்ஸை இரண்டு முறை லீக் சாம்பியன் ஆக்கியவர். பத்திரிகையாளர்களிடம் சிரித்துப் பேசினார், ஆட்டக்காரர்களுக்குப் பணம் கூட்டிக் கேட்டார். ஆனால் களத்தில் அணி நிலைகொள்ளவே இல்லை. 1977 ஜூலையில், ராஜினாமாக் கடிதம் சங்கத்தின் கைக்குச் சேரும் முன்பே டெய்லி மெயிலில் செய்தி வந்தது: ரெவி வெளியேறுகிறார். போனது ஐக்கிய அரபு அமீரகத்துக்கு. நாலு வருஷத்துக்கு 340,000 பவுண்டு. அன்றைக்கு அது யாரும் கேள்விப்படாத தொகை. பேச்சுவார்த்தைக்காக அவர் துபாய் போனதும் ரகசியமாகத்தான்.

அந்த வருஷம் லங்காஸ்டர் கேட்டில் உட்கார்ந்திருந்தவர்களின் மனநிலையை நினைத்துப் பாருங்கள். ஏமாந்துபோனவர்கள் அவர்கள். கால்பந்துச் சங்கத் தலைவர் ஹரால்ட் தாம்சன் ஆக்ஸ்ஃபோர்டில் வேதியியல் பேராசிரியர். ராம்சேவையே பிடிக்காத மனிதர். அவர்களுக்குத் தேவைப்பட்டது ரெவி அல்லாத ஒருவர்.

க்ரீன்வுட் அதற்கு அப்படியே பொருந்தினார். வயது 56. வெஸ்ட் ஹாமில் பாபி மூர், ஜெஃப் ஹர்ஸ்ட், மார்ட்டின் பீட்டர்ஸ் மூவரையும் வளர்த்தவர். அவர் கை சுத்தம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. தற்காலிகமாக அணியை ஏற்று, நவம்பரில் வெம்ப்ளியில் இத்தாலியை 2-0 என்று வென்றிருந்தார். கோல் வித்தியாசத்தில் இத்தாலிதான் உலகக்கோப்பைக்குப் போனது. ஆனாலும் அந்த ஒரு இரவு போதுமானதாக இருந்தது.

க்ளஃப் தரப்பில் சொல்லப்படும் ஒரு விஷயம் எனக்குப் பிடிக்கும். தன்னை எடுத்தால் எல்லாவற்றையும் தானே நடத்தப் பார்ப்பான் என்று அவர்கள் பயந்தார்கள், அது சரியான கணிப்புதான், அப்படித்தான் செய்திருப்பேன் என்று பின்னாளில் அவரே சொன்னார்.

*

பிறகு நடந்தது தெரிந்ததுதான். ஃபாரஸ்ட் அந்த சீசனிலேயே லீக் வென்றது. 1979இலும் 1980இலும் ஐரோப்பியக் கோப்பை. சங்கம் க்ளஃபுக்கு இளையோர் அணியைக் கொடுத்துப் பார்த்தது, அது நீடிக்கவில்லை.

க்ரீன்வுட் மோசமாகச் செய்தாரா? அதுவும் இல்லை. 1980 ஐரோப்பிய சாம்பியன்ஷிப்புக்கும் 1982 உலகக்கோப்பைக்கும் அணியைக் கொண்டுபோனார். 1982இல் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் வெளியேறியது இங்கிலாந்து. 1978இல் விவ் ஆண்டர்சனை ஆட வைத்தார். இங்கிலாந்தின் சீனியர் அணியில் ஆடிய முதல் கறுப்பின ஆட்டக்காரர் அவர்தான். ஆண்டர்சன் க்ளஃபின் அணியிலிருந்து வந்தவர். க்ரீன்வுட்டின் பலவீனமும் கண்ணுக்குத் தெரிந்தது. ஷில்டன், க்ளெமென்ஸ் என்று இரண்டு அருமையான கோல்கீப்பர்கள் இருந்தார்கள். யார் முதல் ஆள் என்று முடிவெடுக்காமல் வருஷக்கணக்கில் மாற்றி மாற்றி ஆட வைத்தார்.

க்ளஃப் வந்திருந்தால் கோப்பை வந்திருக்குமா? என் தொழிலில் இரண்டு வெர்ஷனையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டு எது தேறுகிறது என்று பார்த்துவிடலாம். 1977ஐ அப்படி ஓடவிட முடியாது. தினமும் ஆட்டக்காரர்களோடு இருந்து அவர்களை உருட்டி மிரட்டி வளர்ப்பதுதான் க்ளஃபின் வித்தை. தேசிய அணி மேனேஜருக்கு வருஷத்தில் சில வாரங்கள்தான் ஆட்டக்காரர்கள் கிடைப்பார்கள். லீட்ஸ் போல 44 நாளில் முடிந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. ஆக, சங்கம் தப்பான ஆளை எடுத்தது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. தப்பான கேள்வியைக் கேட்டது என்று மட்டும் சொல்வேன். அடுத்த நாலு வருஷத்துக்கு இந்த அணிக்கு என்ன வேணும் என்பதைவிட, போன ஜூலையில் நடந்தது மறுபடி நடக்கக்கூடாது என்பதுதான் அந்த அறையில் பெரிதாக இருந்தது.

அந்தப் பழக்கம் அங்கே போகவும் இல்லை. 2001இல் முதல் வெளிநாட்டவராக ஸ்வீடன்காரர் எரிக்சன். அவருக்குப் பிறகு ஆங்கிலேயரான மெக்லாரன். அவர் சறுக்கியதும் கண்டிப்பான இத்தாலியர் கபெல்லோ. அடுத்து மறுபடி ஆங்கிலேயரான ஹாட்ஜ்சன். வரிசையாகப் படித்தால் ஒவ்வொருவரும் முந்தைய ஆளைப் பற்றிய புகார் போலத் தெரிகிறார்கள்.

*

நாங்கள் எடுத்த லீட் நல்ல மனிதர், இன்னும் எங்களோடு இருக்கிறார். அந்த இண்டர்வியூவில் விரல் வைத்துக் காட்டப்பட்ட இடம் இரண்டு முறை உடைந்தது. இரண்டு முறையும் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பொறுமையாக ஒட்டவைத்தார். வேறு ஒருவர் வந்திருந்தால் அதை இடித்துக் கட்டியிருப்பாரா, இல்லை மூன்று மாதத்தில் மேனேஜரோடு சண்டை போட்டுக் கிளம்பியிருப்பாரா, தெரியாது. எனக்கு உறுத்துவது நான் எழுதிய வரிதான். 'டீமுக்கு' என்று எழுதியிருந்தேன். நான் நினைத்தது நடுவில் உட்கார்ந்திருந்தவரை.

போன மாதம் வேறொரு வேலைக்கு மறுபடி பேனலில் உட்கார்ந்தேன். முதல் ஆள் உள்ளே வருவதற்கு முன்னால், "போன ஆளைப் பத்திப் பேசாம இன்னிக்கு முடிச்சிடலாமா?" என்று கேட்டேன். எல்லாரும் தலையாட்டினார்கள். பத்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை. முதலில் பேச்சை எடுத்தது நான்தான்.