ராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

ராமானுஜன்னு சொன்னாலே எல்லோரும் டாக்ஸி, 1729ன்னு ஆரம்பிச்சிடுவாங்க. அந்தக் கதை போதும் மக்களே. இன்னிக்கு வேற ஒரு எண்: 293318625600. அதாவது 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600.

எங்க கலவை கடைத்தெருவுல வாழைப்பழம் டஜன் கணக்குல விற்பாங்க. 12 பழத்தை ரெண்டு, மூணு, நாலு, ஆறு பேருக்குச் சண்டையில்லாம பிரிக்கலாம். 10ல அந்த வசதி கிடையாது. 12க்கு 6 காரணிகள். அதைவிடச் சின்ன எந்த எண்ணுக்கும் அத்தனை காரணிகள் இல்லை. இப்படி, தனக்கு முந்தைய எல்லா எண்களையும் காரணி எண்ணிக்கையில் மிஞ்சும் எண்களைத்தான் ராமானுஜன் ஆராய்ந்தார். 12, 24, 36, 48, 60, 120ன்னு போகும் வரிசை. (நம்ம 1729க்கு வெறும் 8 காரணிதான். அதைவிடச் சின்ன 1680க்கு 40! :-))

1914ல் கப்பலேறிப் போனவர், 1915ல் லண்டன் கணிதக் கழக இதழில் இதைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். இந்த ஆய்வுக்காகத்தான் 1916ல் கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. பட்டம் கொடுத்தது. கும்பகோணத்திலும் சென்னையிலும் எஃப்.ஏ.வில் தோற்றவருக்கு!

அந்தக் கட்டுரையில் 6746328388800 வரைக்கும் 102 எண்கள் கொண்ட பட்டியல் இருக்கு. கால்குலேட்டர் இல்லாத காலம். எல்லாம் கைக்கணக்கு. ஆனா அதில் ஒரே ஒரு எண் விடுபட்டிருக்கு. அதுதான் நம்ம 293318625600.

அதைப் பகா எண்களா உடைச்சா, 2 ஆறு தடவை, 3 நாலு தடவை, 5ம் 7ம் ரெண்டு ரெண்டு தடவை, 11, 13, 17, 19 ஒவ்வொரு தடவை வரும். ஒவ்வொரு எண்ணிக்கையோடும் 1 கூட்டிப் பெருக்கினா காரணிகளின் எண்ணிக்கை கிடைக்கும்: 7×5×3×3×2×2×2×2 = 5040. அந்த 5040ம் இதே வரிசையைச் சேர்ந்த எண்தான், அதுக்கு 60 காரணிகள்.

என்னை அசர வச்சது வேற. விடுபட்ட எண்ணை 23ஆல் பெருக்கிப் பாருங்க. 6746328388800. பட்டியலின் கடைசி எண்! 10080 காரணி உள்ள பெரியவர் உள்ளே உட்கார்ந்திருக்கார், அவரோட 23ல் ஒரு பங்கு மட்டும் வெளியே நிக்குது. இதை வச்சு ராமானுஜனைக் குறை சொல்றவங்களை நான் சீரியஸா எடுத்துக்கிறதில்லை. 103ல் 102ஐக் கையால பிடிச்ச மனுஷன் அவர்.

அதைவிடப் பெரிய விடுபடல் ஒண்ணு உண்டு. உலகப்போர் நேரம், கழகத்திடம் பணமில்லை. அதனால கட்டுரையின் ஒரு பகுதி அச்சேறவே இல்லை. அது நிக்கோலா, ராபின் என்ற ரெண்டு பிரெஞ்சுக்காரர்களின் குறிப்புகளோடு, ராமானுஜன் பெயரிலேயே நடக்கும் ஆய்விதழில் 1997ல்தான் வந்தது. அவர் இறந்து 77 வருஷம் கழிச்சு.