ஓடி கண்டுபிடித்த மதகு

பெரியப்பாவுக்கு வாய்ப் புற்றுநோய் வந்து, ஆபரேஷன், கரண்ட் எல்லாம் முடிந்து மூன்று வருஷம் ஆகிறது. நோய் போய்விட்டது, வலி போகவில்லை. மார்ஃபின் மாத்திரை இருப்பதால்தான் சாப்பிடுகிறார், தூங்குகிறார். போன மாதம் எடுத்த ஸ்கேனில் பித்தநாளம் 11 மில்லிமீட்டர் என்று வந்தது. சாதாரணமாக 6, 7க்குள் இருக்க வேண்டியது (வயதானால் கொஞ்சம் கூடும்). கணைய நாளமும் லேசாக விரிந்திருந்தது. இரண்டும் சேர்ந்து விரிந்தால் முதலில் சந்தேகப்படுவது கணையத்தில் கட்டியைத்தான்.

"ஏல, புத்து அங்கயும் போயிட்டுன்னா மறைக்காம சொல்லிருங்கடே" என்றார்.

எம்.ஆர்.சி.பி. எடுத்தோம். கட்டி இல்லை, கல்லும் இல்லை. மஞ்சள்காமாலை இல்லை, ரத்தப் பரிசோதனையும் சரி. டாக்டர் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்து, "இதை எத்தனை வருஷமா எடுக்கிறார்?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் என்னை ராத்திரி முழுக்கப் படிக்க வைத்தது.

கல்லீரலிலிருந்து வரும் பித்தமும் கணைய நீரும் முன்சிறுகுடலில் இறங்கும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. பெரியப்பா ஊர் கல்லிடைக்குறிச்சி. அதனால் கன்னடியன் கால்வாயை வைத்தே அவருக்குச் சொன்னேன்: மதகை இறக்கிவிட்டால் தண்ணீர் மேல்பக்கம் தேங்கி கரையை நெருக்கும் இல்லையா, அதுதான். அபின் வகை மருந்துகள் இந்த வளையத்தை இறுக்கும். வருஷக்கணக்கில் இப்படி நடந்தால் சிலருக்கு மேலே உள்ள நாளம் அகலமாகிவிடுகிறது. பலருக்கு அதனால் தொந்தரவே இருக்காது. சிலருக்கு மட்டும் மேல்வயிற்று வலி வரும், அபூர்வமாகக் கணைய அழற்சியும் வரலாம்.

இந்த வளையத்தைப் பற்றி 1887இல் விரிவாக எழுதியவர் ருஜ்ஜேரோ ஓடி, இத்தாலியின் பெரூஜியாவில் படித்துக்கொண்டிருந்த 23 வயது மருத்துவ மாணவர். இன்றும் அது அவர் பெயரில்தான் இருக்கிறது. 1894இல் ஜெனோவா பல்கலைக்கழக உடலியல் நிறுவனத்தின் தலைவரானார். 1900இல் பதவி போயிற்று. காரணம் பணக் கணக்கில் குளறுபடி, கூடவே போதை மருந்துப் பழக்கம்! பிறகு பெல்ஜியக் காலனிச் சேவையில் டாக்டராகக் காங்கோ போனார். 1913இல் இறந்தார். அவருடைய சொந்த மதகு எப்படி இருந்ததோ, பார்க்க அன்றைக்கு வழியில்லை.

அதே காலத்தில் இங்கே ராயல் அபின் கமிஷன் (1893–95) 700க்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, அபின் தின்பதால் பெரிய கேடு இல்லை என்று முடித்தது. வருமானம் போகக்கூடாதென்ற கவலையும் அதில் உண்டு என்பது என் எண்ணம். ஆனால் உயிரோடிருப்பவரின் பித்தநாளத்தை அளக்க அன்று கருவி கிடையாது. ரோண்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டதே 1895 கடைசியில். அபின் பழக்கம் உள்ளவர்களிடம் இந்த வளையம் கெடுவதை ஜெய்ப்பூரிலிருந்து ஆய்விதழில் எழுதியது 2002இல். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

அண்ணன் (பெரியப்பா மகன்) ஒரே பிடியாக, "அப்போ மாத்திரையை நிறுத்திரலாம்" என்றான். இங்கேதான் எனக்குப் பயம் வந்தது. காஜிப்பூரில் 1820லிருந்து அபின் ஆலை நடத்தும் நாடு இது. 1985இல் போதைப்பொருள் சட்டம் வந்து உரிமம், படிவம் என்று கெடுபிடி கூடியதும், பன்னிரண்டு வருஷத்துக்குள் மருத்துவ மார்ஃபின் உபயோகம் 90 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. வலியில் துடித்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை. சட்டத்தைத் தளர்த்தியது 2014இல்தான். அப்படி வந்து சேர்ந்த மாத்திரையை ஒரு ஸ்கேன் எண்ணுக்காகத் திடீரென்று நிறுத்தினால் வலியும் திரும்பும், உடம்பும் தாங்காது.

டாக்டரிடம் கேட்டோம். நிறுத்த வேண்டாம், அளவை மட்டும் மெதுவாகக் குறைத்துப் பார்க்கலாம், காய்ச்சலோ மஞ்சளோ கடும் வயிற்றுவலியோ வந்தால் உடனே வாருங்கள், ஆறு மாதத்தில் மறு ஸ்கேன் என்றார்.

பெரியப்பா மறுநாள் கேட்டது ஒன்றுதான்: "மதகைக் கண்டுபிடிச்சவன் பேரு என்னன்னு சொன்ன, ஓடியா?"