நெய்வேலியும் நிகர சுழிய ஆற்றல் கட்டடங்களும்

ஓராண்டில் தான் செலவிடும் ஆற்றலுக்கு ஈடான ஆற்றலைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து தானே உற்பத்தி செய்துகொள்ளும் கட்டடம் நிகர சுழிய ஆற்றல் கட்டடம் எனப்படும்.

கடலூர் மாவட்டத்திலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956இல் தொடங்கப்பட்டது. சோவியத் ஒன்றியத்தின் உதவியுடன் கட்டப்பட்ட முதல் அனல்மின் நிலையம் 1962இல் மின்னுற்பத்தியைத் தொடங்கியது. சுரங்கத்தில் மேற்கு ஜெர்மனியின் பக்கெட் வீல் எந்திரங்கள் இயங்கின. மின்சாரத்தைப் பெருக்குவதே அன்றைய பன்னாட்டு ஒத்துழைப்பின் நோக்கம். சுரங்கத்துக்காகச் சுற்றுவட்டார மக்கள் வீடுகளையும் நிலங்களையும் இழந்தனர்.

அரை நூற்றாண்டுக்குப் பின், மின் தேவையைக் குறைப்பதற்கான ஒத்துழைப்பு உருவானது. 2012இல் இந்தியாவும் அமெரிக்காவும் கட்டட ஆற்றல் திறனுக்கான கூட்டு ஆய்வு மையத்தை அமைத்தன. அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகமும் தலைமையேற்றன. தமிழ்நாட்டிலிருந்து ஆரோவில்லின் அறிவியல் ஆய்வு மையம் பங்கேற்றது. செப்ட் வளாகத்தில் 2015இல் திறக்கப்பட்ட நிகர சுழிய ஆற்றல் கட்டடம் ஆய்வுக்கூடமாகவும் பயன்படுகிறது. வெப்பக் காப்பு, இயற்கை வெளிச்சம், காற்றோட்டம் ஆகியவற்றால் மின் தேவையைக் குறைத்து, எஞ்சியதைக் கூரையிலுள்ள சூரியத் தகடுகளால் ஈடுசெய்வதே இத்தகைய கட்டடங்களின் அடிப்படை.

நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் 2020இல் மூடப்பட்டது. ஆயினும் சுரங்க விரிவாக்கத்துக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து 2023இலும் போராட்டங்கள் நடந்தன. கட்டடங்களின் மின் தேவை குறைந்தால் நிலக்கரிக்கும் அதற்கான நிலத்துக்கும் உள்ள தேவையும் குறையும் என்பதால், இவ்வாய்வுகள் நெய்வேலிப் பகுதி மக்களின் வாழ்வுடனும் தொடர்புடையவை.